சுப்பையா வாசித்த கடைசிச் சுரம்

சுப்பையா அண்ணனை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்க ஆசைப்படுகிறவர்கள் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகலாம். அங்கே அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆட ஒரு கோயில் கமிட்டியே இருக்கிறது. நான் ஒன்பது வருஷம் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். எனக்குத் தெரிந்த சுப்பையா வேறு.

எங்களுடையது பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் ஓர் ஆர்க்கெஸ்ட்ரா. சம்பளம் கிடையாது. பல் டாக்டர், வக்கீல், பள்ளி ஆசிரியை, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை இன்ஜினியர் என்று பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள், வாரத்தில் இரண்டு மாலை ஒரு சீனர் சங்கத்து மாடியில் கூடி வாசிப்போம். நான் பார்மசியில் வேலை செய்கிறேன். அத்தா காஜா மொய்தீனுக்கு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் துணிக்கடை. அங்கே வந்து போகும் பெரியவர்களில் பாதிப் பேர், "ஒங்க மக ஸஹ்ரா இன்னும் அந்தப் பிடிலத்தான் வெச்சிக்கிட்டு இருக்கா?" என்று கேட்டு அத்தாவின் ரத்த அழுத்தத்தை ஏற்றுவார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாமல் வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் சுப்பையா.

வயலின் பிரிவில் இரண்டு பேருக்கு ஒரு ஸ்டாண்டு, அதன் மேல் ஒரே இசைத்தாள். சபையைப் பார்த்த பக்கம் உட்கார்பவர் மூத்தவர். உள்பக்கம் உட்கார்பவர், பக்கம் முடியும் இடத்தில் தன் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தாளைத் திருப்ப வேண்டும். மூத்தவர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போவார். உலகம் முழுக்க இதுதான் வழக்கம். எங்கள் ஸ்டாண்டு இரண்டாம் வயலின் பிரிவின் கடைசி ஸ்டாண்டு. மூத்தவர் சுப்பையா. திருப்புகிறவள் நான்.

திருப்புவதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. நான் யாருக்காகத் திருப்பினேன் என்பதில்தான் வயிறு எரிகிறது. ஏனென்றால் சுப்பையா அண்ணன் வாசிப்பதில்லை.

அவர் எதிர்க்கரையில், பெருநிலத்து புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தவர். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் வளர்ந்து, பள்ளிக்கூடத்தில் ஒரு சீன ஆசிரியரிடம் வயலின் பிடிக்கக் கற்றார். ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கிய நாளிலேயே சேர்ந்துவிட்டார். அப்போதெல்லாம் சுலபமான உருப்படிகள்தான். பிறகு வெளிநாட்டில் படித்த பிள்ளைகள் வந்தார்கள், கோல் பிடித்து இசையை நடத்தப் புதுக் கண்டக்டர் வந்தார், இசை வேகம் பிடித்தது. அவர் விரல் வேகம் பிடிக்கவில்லை. வேறு யாராவது என்றால் வீட்டில் உட்கார்ந்து பழகியிருப்பார்கள், இல்லையென்றால் கௌரவமாக விலகியிருப்பார்கள். இவர் மூன்றாவதாக ஒரு வழி கண்டுபிடித்தார். வில்லைத் தந்தியில் படாமல் தந்திக்கு மேலேயே ஓட்டினார்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் மனிதர் கெட்டிக்காரர். வில் மேலே போக வேண்டிய இடத்தில் மேலே போகும், கீழே வர வேண்டிய இடத்தில் கீழே வரும். நானே திசை தவறினால் அவர் வில்லைப் பார்த்துத் திருத்திக்கொண்டதுண்டு. முகத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பரவசம் வேறு. சத்தம் மட்டும் இருக்காது. சுலபமான வரிகளில் லேசாகத் தொடுவார், கடினமான இடம் வந்தால் காற்றுதான். சுற்றி ஒன்பது பேர் வாசிக்கும்போது யாருக்குத் தெரியப்போகிறது? எனக்குத் தெரியும். அவர் வயலினுக்கும் என் காதுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

வாசிக்காத மனிதர் அடக்கமாக இருப்பார் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். நான் ஒரு நொடி பிந்தித் திருப்பினால் "ச்சு" என்பார். இடைவேளையில் எல்லார் எதிரிலும், "தங்கச்சி, பக்கம் திருப்பறதும் ஒரு கலை லா. மனசு வெச்சி செய்யணும்" என்பார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை அடிவாரப் பந்தலில் யாரோ மைக்கைப் பிடித்து, "மேற்கத்திய இசை மேதை" என்று தன்னை அறிமுகப்படுத்துவதைத் தலை குனிந்து கேட்டுக்கொள்வார். தமிழ்ப் பத்திரிகையில் வருஷத்துக்கு ஒரு தடவை கையில் வயலினோடு படம் வரும். வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆரம்பப் பாடத்தை அவரால் வாசிக்க முடியும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் 'நீரிணை' வந்து சேர்ந்தது.

எழுதியவர் மர்ஜானா. பினாங்கில் பிறந்து வெளியூரில் படித்துத் திரும்பிய இளம் இசையமைப்பாளர். தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் கிடக்கும் தண்ணீரைப் பற்றி முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் ஒரு புதுப் படைப்பு எழுதித் தந்திருந்தார். முதல் ஒத்திகையில் எனக்கு அது பிடிக்கவே இல்லை. மெட்டு இல்லை. காலால் தட்ட ஒரு தாளம் இல்லை. குழல்காரர்கள் சுரம் வராமல் வெறும் மூச்சை ஊதுகிறார்கள். பெரிய முரசை அடிக்காமல் உள்ளங்கையால் தேய்க்கிறார்கள். தந்திக்காரர்கள் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டே போகிறோம், போய்ச் சேருவதே இல்லை. "ஐஸ்பெட்டிச் சத்தம்" என்று முன் ஸ்டாண்டில் இருந்த பல் டாக்டர் முணுமுணுத்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாவது ஒத்திகையில் சிரிப்பு நின்றுவிட்டது. எல்லாரும் மெல்லிதாக, ஒருவரோடு ஒருவர் ஒட்டாமல் வாசித்தபோது, ஃபெரியின் அடித்தட்டில் நிற்கும்போது எஞ்சின் காதில் கேட்காமல் வயிற்றில் கேட்குமே, அந்த மாதிரி ஒன்று மாடி முழுக்க நிறைந்தது. கோபமான இசை அது. கத்தாமல் கோபப்படுகிற இசை. எனக்கு அப்போது பிடித்துப்போயிற்று.

அதில் ஒரு விசேஷம். வழக்கமாக எங்கள் பிரிவு பத்துப் பேரும் ஒரே வரியை வாசிப்போம். மர்ஜானா தந்திக்காரர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி வரி எழுதியிருந்தார். ஆளுக்கொரு தாள். ஆளுக்கொரு ஸ்டாண்டு. மறைந்துகொள்ள இடமில்லை. தாளின் தலையில் இரண்டாம் வயலின் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண். ஒன்பது சுப்பையாவுக்கு. பத்து எனக்கு.

முதல் ஒத்திகைக்கு முன்பு, தாள்கள் வந்த அன்று அவர் தன்னுடையதைப் பார்த்தார். கறுப்புக் கறுப்பாக எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. என்னுடையதை எட்டிப் பார்த்தார். அதில் நீளநீளமான சுரங்களும் ஓய்வுகளும்தான். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு சுரம், அதற்கு மேல் நீட்டி வாசிக்கச் சொல்லும் ஒரு வளைகோடு. அவ்வளவே. எழுந்து போய் எங்கள் பிரிவுத் தலைவியிடம் ஏதோ பேசிவிட்டுத் திரும்பி வந்தார்.

"பத்தாம் நம்பர நான் எடுத்துக்கறேன், தங்கச்சி. நீ சின்னப் பொண்ணு, ஒனக்குக் கை ஓடும். எனக்கு இந்த ஸ்லோ நோட்தான் சரி. இதுல ஃபீலிங் வேணும்."

"அண்ணே, அதுல என் நம்பர் போட்டிருக்கு."

"நம்பர்ல என்ன இருக்கு? சீனியர் கேக்கறேன் இல்ல?"

பிரிவுத் தலைவி தூரத்திலிருந்து கையால் 'விட்டுக்கொடுத்துப் போ' என்று சைகை காட்டினாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தாளைக் கொடுத்தேன். ஆனால் அந்தக் கடைசிச் சுரத்தை வீட்டில் வாசித்துப் பார்க்காமல் கொடுக்கவில்லை. முந்திய வாரமே தலைவி என் தாளைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். விரலைத் தந்தியில் அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்து, வில்லை நத்தை மாதிரி இழுத்தால் மெல்லிய விசில் போல ஒரு சத்தம் வரும். ஆர்மோனிக் என்பார்கள். விரல் ஒரு மயிரிழை அழுத்தினால் கரகரக்கும். கை நடுங்கினால் சத்தமும் நடுங்கும். அதை வாசித்த அன்று, என் வயலினிலிருந்து அப்படி ஒன்று வரும் என்று எனக்கே தெரிந்திருக்கவில்லை. அது எனக்கு வேண்டும் என்றிருந்தது.

நாங்கள் யாரும் முழு இசைப்பிரதியைப் பார்ப்பதில்லை, அவரவர் வரிதான் கையில். ஆகவே அந்தச் சுரம் எங்கே நிற்கிறது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. முடிவுப் பகுதியை ஒத்திகை பார்த்த அன்றுதான் தெரிந்தது. 'நீரிணை' முன்னாலிருந்து பின்னாலாகக் கரைகிறது. முதல் வயலின் தலைவர்தான் முதலில் நிறுத்துகிறார். நிறுத்தியவர்கள் வாத்தியத்தை மடியில் வைத்துவிட வேண்டும் என்று குறிப்பு. ஊதுகிறவர்கள் அடங்குகிறார்கள், முரசு அடங்குகிறது, வரிசை வரிசையாக வயலின்கள் இறங்குகின்றன. இப்போது ஒன்பதாம் எண்ணாகிவிட்ட நானும் இறங்கினேன். மாடியில் ஒரு சத்தமும் இல்லை. பார்த்தால், கண்ணை மூடிக்கொண்டு சுப்பையா அண்ணன் காற்றில் வில் இழுத்துக்கொண்டிருக்கிறார்.

கண்டக்டர் கையைத் தூக்கியபடியே நின்றார். "ரொம்ப மென்மையா இருக்கு. கொஞ்சம் கேட்கலாமா?" என்றார் ஆங்கிலத்தில்.

சுப்பையா கண்ணைத் திறந்தார். எல்லார் வயலினும் மடியில் இருப்பதைப் பார்த்தார். அந்த முகத்தைப் பார்ப்பதற்காக நான் இன்னொரு ஒன்பது வருஷம்கூடப் பக்கம் திருப்பியிருப்பேன். எண்ணுவதில் தவறிவிட்டதாகச் சொல்லிச் சமாளித்தார்.

மர்ஜானா பின்வரிசைக்கே நடந்து வந்து மலாயில் சொன்னார், எப்போதும் முன்வரிசைக்காரர்கள்தான் கடைசியில் கைதட்டு வாங்குகிறார்கள், இதில் கடைசி நாற்காலி வாங்கட்டும், இந்தப் படைப்பின் முடிவு முழுக்க உங்களுடையது என்று. "தெரிமா காசே" என்று நன்றியை மென்று விழுங்கினார் அண்ணன். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ஆசை தீரச் சிரித்தேன்.

சிரித்து முடித்து வந்து, "அண்ணே, தாளை மாத்திக்கலாம். குடுங்க" என்றேன். நியாயமாகத்தான் கேட்டேன். அன்று கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

கொடுக்கவில்லை. அதற்குள் வீட்டுக்கு போன் போட்டாகிவிட்டது. அந்த வார இறுதியில் பத்திரிகையில், 'புதுமை இசைப் படைப்பின் இறுதிச் சுரம் நம் சுப்பையாவுடையது' என்று படத்தோடு வந்துவிட்டது. கச்சேரி சனி, ஞாயிறு இரண்டு நாள். ஞாயிற்றுக்கிழமைக்குக் கோயில் கமிட்டி பஸ் ஏற்பாடு செய்துவிட்டது. அவருடைய மாணவப் பிள்ளைகளும் வருகிறார்கள். மிச்ச ஒத்திகைகளில் முடிவுப் பகுதி வரும்போதெல்லாம் தந்தி அறுந்துவிட்டது, தோள் பிடித்துக்கொண்டது, ஒரு நாள் தெருவில் நிறுத்திய காடியை அவசரமாக நகர்த்த வேண்டியிருந்தது. அவர் சாயம் எப்போது வெளுக்கும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை மேடைக்குப் போகுமுன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கடைசி நோட் நீ வாசி. நான் வில்லு மட்டும் அசைக்கிறேன்."

"என்னண்ணே சொல்றீங்க?"

"ஒன் முன்னால அந்தப் பல் டாக்டர் ஒடம்பு மறைக்குது. யாருக்கும் தெரியாது. ஒரு நோட்தானே, ஒனக்கென்ன நட்டம்?"

கெஞ்சியிருந்தால்கூட நான் இரங்கியிருப்பேனோ என்னவோ. இது உத்தரவு. பக்கம் திருப்பச் சொல்கிற அதே குரல். "முடியாது. நீங்க எடுத்தீங்க, நீங்க வாசிங்க" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டேன்.

'நீரிணை' அன்று நன்றாக அமைந்தது. மண்டபத்தில் இருமல்கூட இல்லை. வரிசைகள் ஒவ்வொன்றாக அடங்கின. என் வரியும் முடிந்தது. சுப்பையாவின் வில் கிளம்பியது, தந்திக்கு மேலே, காற்றில். சத்தமில்லை. கண்டக்டரின் கை அந்தரத்தில். எல்லாரும் ஒன்றுக்காகக் காத்திருக்கிறார்கள், அந்த ஒன்று வரவே இல்லை.

அவர் அவமானப்பட வேண்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தச் சுரம் அந்த இடத்தில் இல்லாமல் போவது எனக்குத் தாங்கவில்லை. அது இல்லையென்றால் அத்தனை பேர் வாசித்ததும் வீண். பல் டாக்டரின் முதுகுக்குப் பின்னால் என் வயலின் தானாக மேலே போயிற்று. வாசித்தேன். வீட்டில் வந்ததைவிட நன்றாக வந்தது. வில் நுனிவரை நடுங்கவில்லை.

கைதட்டு எழுந்தது. கண்டக்டர் பின்வரிசையை நோக்கிக் கையை நீட்டினார். சுப்பையா அண்ணன் எழுந்து, நெஞ்சில் கை வைத்து, மூன்று பக்கமும் திரும்பித் தலை வணங்கினார். மர்ஜானா கண் கலங்க அவரிடம் ஓடி வந்தார். வெளியே வராந்தாவில் அவர் மனைவி தனலெட்சுமி அக்கா மாலையோடு நின்றிருந்தார். போட்டார். போட்டோ எடுத்தார்கள்.

எல்லாம் முடிந்து நான் வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது கழுத்தில் மாலையோடு அண்ணன் பக்கத்தில் வந்தார். ஒரு நன்றி வரும் என்று நான் எதிர்பார்த்தேன், முட்டாள்தனமாக.

"சுருதி கொஞ்சம் எறங்கி ஃப்ளாட்டா இருந்துச்சு தங்கச்சி. நாளைக்கி சரி பண்ணிரு."

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. அத்தா என்ன என்று கேட்டார். சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நடு வரிசைகள் முழுக்க புக்கிட் மெர்தாஜாம். கமிட்டிக்காரர்கள் ஜிப்பாவில் வந்திருந்தார்கள். பிள்ளைகள் கைகாட்டினார்கள், அவரும் வில்லைத் தூக்கிக் காட்டினார். மேடைக்கு வருமுன் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. பேச வேண்டிய அவசியம் இல்லை என்று முடிவு செய்துவிட்டார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

வரிசைகள் அடங்கின. என் வரி முடிந்தது. முடித்தவர்கள் வாத்தியத்தை மடியில் வைக்க வேண்டும் என்பது குறிப்பு. குறிப்பில் உள்ளபடி வயலினை மடியில் வைத்தேன், வில்லை அதன் மேல் வைத்தேன், இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்தேன்.

அவர் வில் காற்றில் கிளம்பி ஒரு சாண் போயிற்று. பிறகு கண்ணைத் திறந்து என் கைகளைப் பார்த்தார். அவ்வளவு பகையோடு என்னை வாழ்க்கையில் யாரும் பார்த்ததில்லை. நானும் சளைக்காமல் திருப்பிப் பார்த்தேன். கண்டக்டரின் கை உயரத்தில் காத்திருந்தது.

வில் தந்தியில் இறங்கியது.

முதலில் வெறும் இரைச்சல். பிறகு ஒரு கரகரப்பு. விரலை அழுத்திவிட்டார், தவறான கீழ்ச்சுரம் ஒன்று தவளை மாதிரி குதித்தது. பிள்ளைகளில் ஒன்று 'க்ளுக்' என்று சிரித்தது. யாரோ அதட்டினார்கள். சுரம் வருவதும் அறுவதுமாக வில் முழுக்க நடுங்கிற்று. அவர் நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. நெற்றி வேர்வை தாடையில் ஒழுக, வில்லின் நுனிவரை இழுத்துவிட்டுத்தான் எடுத்தார்.

கண்டக்டர் மரியாதைக்காகப் பின்வரிசை நோக்கிக் கையை நீட்டினார். பஸ்காரர்கள் கைதட்ட வந்தவர்கள், தட்டினார்கள், "சுப்பையாண்ணே!" என்று ஒருவர் கத்தினார். அவர் எழவில்லை. கண்டக்டர் மறுபடியும் கையை நீட்டினார். தாளைப் பார்த்தபடி உட்கார்ந்தே இருந்தார். மர்ஜானா முன்வரிசைக்காரர்களோடு கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? குட்டு வெளிப்பட்டுவிட்டது, நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கப் போனேன். அங்கே தனலெட்சுமி அக்கா வழியை மறித்து நின்றார். கையில் பிளாஸ்டிக் பைக்குள் மாலை.

"நேத்து வாசிச்ச கை இன்னிக்கி என்னாச்சு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னக்கா சொல்றீங்க?"

"நடிக்காத லா. நேத்து வாசிச்சது நீ. மாலை போடறப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சும் போட்டீங்களா?"

"தெரிஞ்சதுனாலதான் போட்டேன்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "ஒன்பது வருசமா அவர் வாசிக்காம ஊர ஏமாத்தறாரு அக்கா. இன்னிக்கித்தான் அவரோட நோட்ட அவரே வாசிச்சாரு. நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அக்கா குரலை உயர்த்தவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் காதில் விழக்கூடாது என்று பக்கத்தில் வந்து சொன்னார்.

"அவரு பழகவே மாட்டாருன்னு நெனைச்சியா? வேலை விட்டு வந்ததும் ரூமுக்குள்ள போய்ப் பழகுவாரு. தெனம். இன்னிக்கி நீங்கள்லாம் கேட்ட இதே சத்தம்தான் வரும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் கேக்கறேன். வரலடி அவருக்கு. எத்தன பழகியும் வரல. ஊரு கேக்க வேணாம்னுதான் நான் கதவச் சாத்தி வெச்சேன். நீ இன்னிக்கி அதத் தொறந்து விட்டுட்டே."

கீழே யாரோ "தனம்!" என்று கூப்பிட்டார்கள். அவர் மாலைப் பையைக் கைப்பையில் திணித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

சுப்பையா அண்ணன் பழகியிருப்பார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. சோம்பேறி என்றுதான் நான் அவரை வெறுத்தேன். அந்த வெறுப்பு தப்பு என்று சொல்லமாட்டேன், அவர் என்னிடம் நடந்துகொண்டது அப்படி. ஆனால் கீழே அவர்கள் பஸ் கிளம்பிப் போகும்வரை நான் அந்தப் படியைவிட்டு இறங்கவில்லை.